பத்து சிட்டிங் ஓசோனும் ஒரு கேஸ் ஷீட்டும்

அம்மாவுக்கு சுகர் வந்து 18 வருஷம். குதிகால் புண்ணில் சீழ் பிடித்ததும், அண்ணா நகர் பக்கம் ஒரு கிளினிக்கில் "ஓசோன் வெச்சா எந்தக் கிருமியும் நிக்காது, பத்து சிட்டிங் போதும்" என்றார்கள். 25,000 ரூபாயையும் முதல் நாளே கட்டினேன். புத்தி எங்கே போச்சோ.

காலைப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, கணுக்காலுக்கு மேல் டேப் சுற்றி, வாயுவை ஏற்றுவார்கள். "ஜெராக்ஸ் கடை வாசனை அடிக்குதுடா" என்றாள் அம்மா. அந்த மெஷினிலிருந்து வருவதும் ஓசோன்தானே! மூன்றாவது தடவை டேப் விட்டுப்போய், அரை மணி நேரம் இருமித் தீர்த்தாள். நுரையீரலுக்கு ஆகாத வாயு அது. குடிநீரில் கிருமியைக் கொல்லும், சரி. ஆனால் கால் என்ன தண்ணீர்த் தொட்டியா? மருத்துவப் பயன் தெரியாத நச்சு வாயு என்றே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் படித்தது ஆறு சிட்டிங் முடிந்து, ஜுரம் வந்த பிறகு.

ஜி.எச். சர்ஜரி ஓ.பி.யில் அழுகிய சதையை வெட்டி, எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்பி, ஆன்டிபயாட்டிக் போட்டு, காலை ஊன்றாதே என்றார்கள். புண் மூடிக்கொண்டு வருகிறது.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "முன்னாடி கல்ச்சர் எடுத்தாங்களா?" அந்த ரிப்போர்ட்டுக்காகப் பெரம்பூரிலிருந்து இரண்டு தடவை கிளினிக்குக்கு ஆட்டோ. ஒரு நாள் "ஃபைல் டாக்டர்கிட்ட இருக்கு", இன்னொரு நாள் "சனிக்கிழமை வாங்க". மூன்றாவது தடவை வெள்ளைத்தாளில் எழுதிக் கொண்டுபோனேன்: நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும், 2002 மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதி 1.3.2. நகலில் சீல் வைத்துத் தரச் சொன்னதும் ரிசப்ஷன் பெண்ணின் முகமே மாறியது. மறுநாளே கேஸ் ஷீட் வந்தது. புரட்டினால் கல்ச்சர் ரிப்போர்ட்டே இல்லை. எடுத்தால்தானே இருக்கும்!

இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் போச்சு. பணம் தர மாட்டோம் என்று பாலிசியில் ஒதுக்கி வைத்தவற்றில் ஒன்று, எக்ஸ்க்ளூஷன் 16: நிரூபிக்கப்படாத சிகிச்சை. பாலிசியில் அந்தப் பக்கத்தைப் பணம் கட்டும் முன் படியுங்கள். பேக்கேஜாக மொத்தப் பணத்தையும் கேட்டால், ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனி பில் கேளுங்கள். நான் கேட்காததால், மீதி நாலு சிட்டிங்குக்குப் போராடி வாங்கியது 8,000தான். அதையும் அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.