மார்கழிப் பனியும் மூடிய படுதாவும்

பல்லடம், சுல்தான்பேட்டை, உடுமலைப் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்கள் பயப்படுவதெல்லாம் கோடைக்குத்தான். சித்திரை வெயிலில் கோழி வாயைப் பிளந்து விழுவது கண்ணெதிரே நடக்கும். மார்கழி இழப்பு அப்படி முகத்தில் அடிக்காது. ராத்திரிக்கு ரெண்டு, விடியலில் ஒன்று என்று போய்க்கொண்டிருக்கும். ஒரு பேட்ச் கோழி வளர்ந்து முடிந்து கணக்குப் போடும்போதுதான் தீவனம் ஏறியதும் எடை ஏறாததும் தெரியவரும்.

இத்தனைக்கும் நம்ம பக்கத்துக் குளிர் பெரிய குளிரே இல்லை. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் மார்கழி, தை விடியலில் 18, 19 டிகிரி இருக்கும். பனி கனத்து இறங்கினால் இன்னும் ரெண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் அன்றைக்கே மதியம் 30 டிகிரிக்குப் போய்விடும். சிக்கல் இந்த ஏற்ற இறக்கத்தில்தான். ராத்திரிக்குச் சரியாக இருக்கிற ஏற்பாடு பகலுக்கு ஆகாது, பகல் ஏற்பாடு ராத்திரிக்கு ஆகாது. கோழிக் கொட்டகையை, அதாவது செட்டை, விடாமல் பார்த்து வருகிறவர்களுக்கு ஒன்று புரியும்: குளிர் கொல்வதைவிட, குளிருக்குப் பயந்து செட்டின் பக்கவாட்டில் இழுத்து மூடிய படுதா அதிகம் கொல்கிறது.

முதலில் குஞ்சு. வந்திறங்கும் நாளில் எடை 40 கிராம் சொச்சம். உடம்பில் இருப்பது இறகில்லை, வெறும் பஞ்சு. முதல் பத்துப் பன்னிரண்டு நாளைக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு முடியாது. முதல் வாரம் 32 முதல் 34 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். குஞ்சு வண்டி வந்த பிறகு சூட்டுக்கான பல்பைப் போடுவது குளிர்காலத்தில் உதவாது. காற்று ரெண்டு மணி நேரத்தில் சூடாகிவிடும், தரை ஆகாது. அதனால் ஒருநாள் முன்பாகவே போட்டுவிட வேண்டும். தேங்காய் நார்க்கழிவோ உமியோ, தரையில் பரப்பும் கூளம் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பனிக்காலத்துக்கு 3 அங்குலம் நல்லது. இறக்கி ஒரு மணி நேரம் கழித்து நாலைந்து குஞ்சைக் கையிலெடுத்து, அதன் பாதத்தை நம் கழுத்தோரம் வைத்துப் பார்த்தால் போதும். சில்லென்று பட்டால் தரை ஆறிக்கிடக்கிறது என்று அர்த்தம். பாதம் குளிர்ந்த குஞ்சு தீவனத்துக்கு நடக்காது, ஒண்டிக்கொண்டு நிற்கும். அன்று சாயங்காலம் இரைப்பையைத் தடவிப் பார்த்தால் வெறுமையாக இருக்கும்.

பல்புக் கணக்கு எளிது. வெயில் காலத்தில் குஞ்சுக்கு 1 வாட், குளிருக்கு 2 வாட். 300 குஞ்சு அடைத்த வளையத்துக்கு 600 வாட், அதாவது 100 வாட் குண்டு பல்பு ஆறு. இங்கேதான் இப்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. குண்டு பல்பு கடையில் கிடைப்பதில்லை என்று எல்இடி வாங்கி மாட்டுகிறார்கள். வெளிச்சம் பளிச்சென்று இருக்கும், சூடு வராது. அதற்காகவே செய்த பல்பு அது. 250 வாட் அகச்சிவப்பு பல்பு போட்டால் ஒன்றுக்கு 125 குஞ்சு தாங்கும். தகர வளையம் ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும், மூலையில்லாமல் வட்டமாகவே இருக்கட்டும். விடியல் மூன்று மணிக்குக் கரண்டு போனால் மூலையில்தான் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் சாகும்.

தெர்மாமீட்டரைத் தூணில் நம் கண் மட்டத்துக்கு மாட்டுவதில் பயனில்லை. குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தொங்க வேண்டும். அதையும்விடக் குஞ்சே நல்ல தெர்மாமீட்டர். பல்படியில் குவிந்து கீச்கீச்சென்று கத்தினால் சூடு போதவில்லை. வளையத்தின் ஓரம் போய் வாய் திறந்தால் அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது. உட்கார்ந்து, கையை நனைத்துத் தரையோரம் நீட்டினால் ஓட்டை தெரிந்துவிடும்.

கரி அடுப்பு வைப்பவர்கள் வெளியிலேயே பற்றவைத்து, புகை முழுக்க அடங்கிக் கங்கான பிறகுதான் உள்ளே கொண்டுவர வேண்டும். கங்கான கரியிலும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது. குஞ்சுக்குச் சூடு தரும் கேஸ் அடுப்பான கேஸ் புரூடருக்கு இன்னொரு குணம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. 1 கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகச் செட்டுக்குள் சேரும். கோழியின் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் வரும் ஈரம் வேறு. எல்லாம் மேலே ஏறி, பனியில் சில்லிட்டிருக்கும் தகரத்தின் அடியில் முத்துமுத்தாகக் கோத்து, விடியலில் சொட்டும். காலையில் செட்டுக்குள் போனால் கூளத்தின்மேல் கூரைச் சட்டத்துக்கு நேர்கீழே ஒரே கோடாக ஈரம் தெரியும். கூரை ஒழுகுகிறது என்று ஆள் கூப்பிடுவார்கள். ஒழுகவில்லை, காற்று வெளியே போகவில்லை.

இங்கேதான் படுதா. "ஏனுங்க, இந்தக் குளுருக்குப் படுதாவ எறக்குனா குஞ்சு என்னத்துக்கு ஆவும்?" என்ற கேள்வி எல்லாப் பண்ணையிலும் வரும். எந்தப் பக்கமிருந்து திறக்கிறோம் என்பதில்தான் பதில் இருக்கிறது. அடிவிளிம்பைப் பக்கச் சுவரோடு இறுக்கிக் கட்டிவிட்டு, மேல்விளிம்பு கயிற்றில் ஏறி இறங்க வேண்டும். ராத்திரியிலும் மேலே ஓரடி திறந்திருக்கட்டும். உள்ளே வரும் குளிர்காற்று மேலிருக்கும் சூட்டில் கலந்துதான் கீழே இறங்கும். கடைப் படுதா மாதிரி கீழிருந்து சுருட்டினால் வாடைக்காற்று நேராகக் குஞ்சின்மேல் அடிக்கும். அப்படிக் கட்டியவர்கள்தான் பயந்துபோய் முழுக்க மூடுகிறார்கள். கிழமேற்காகக் கட்டிய செட்டுக்கு வாடை வடபக்கம்தான் வரும், தென்பக்கத்தைத் தாராளமாகத் திறக்கலாம். காலையில் ஒரே இழுப்பில் இறக்கக் கூடாது. வெயில் ஏற ஏறக் கால்வாசி, அரைவாசி என்று இறக்கி, ஒன்பதரை பத்துக்குள் முழுக்க இறக்கிவிட வேண்டும்.

மூடியே கிடந்தால் ஈரக் கூளம் கட்டி தட்டி அமோனியா கிளம்பும். காற்றில் அது 25 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 25 பங்கு, தாண்டினால் கோழியின் கண்ணும் மூச்சுக்குழலும் புண்ணாகும், அதன்மேல் ஈ கோலி கிருமி ஏறும். மூன்று வாரம் தாண்டிய கோழிக்குக் குளிர் பெரிய விஷயமில்லை, உடம்பே அடுப்பு மாதிரி. ஆனால் அது வேகமாக வளரும் கோழி. குளிருக்குக் கூடுதலாக ஆக்சிஜன் கேட்கும்போது மூடிய செட்டில் அது கிடைக்காது. இதயம் திணறி வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். நன்றாகத் தின்று வளர்ந்த கோழிதான் முதலில் போகும். கூளத்தை ரெண்டு நாளைக்கு ஒருமுறை படுதா இறக்கிய பிறகு கிளறிவிட வேண்டும். மூடிவைத்துக் கிளறினால் அடங்கிக் கிடந்த அமோனியா மொத்தமும் ஒரேயடியாகக் கிளம்பும்.

தண்ணீரில் கொடுக்கும் தடுப்பூசியும் குளிரில் ஏமாற்றும். கோடையில் ஒரு மணி நேரம் தண்ணீரை நிறுத்தினாலே தாகத்தில் முட்டி மோதிக் குடிக்கும். மார்கழியில் ரெண்டு மணி நேரமாவது நிறுத்த வேண்டியிருக்கும். ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த தொட்டித் தண்ணீரை அப்படியே விட்டால் கோழி அலகை நனைத்துவிட்டுப் போய்விடும். குழாயில் நிற்பதை வடித்துவிட்டு, வெயில் வந்த பிறகு புதுத் தண்ணீரில் கலக்கினால் ரெண்டு மணி நேரத்துக்குள் காலியாகும்.

அமோனியாவை அளக்கக் கருவி இருக்கிற பண்ணை குறைவு, மூக்குதான் கருவி. ராத்திரி முழுக்கச் செட்டிலேயே படுத்துக் கிடக்கும் ஆளின் மூக்கு அதற்குப் பழகிவிடும். "ஒன்னும் நாத்தமில்லீங்க" என்று அவர் சொல்வது பொய்யில்லை. அதனால் விடியலில் வெளியிலிருந்து வரும் ஆள், பால்காரரானாலும் சரி, படுதா இறக்கும் முன் உள்ளே போய்க் கோழி உயரத்துக்குக் குந்தி ஒரு மூச்சு இழுத்துப் பார்க்கட்டும். கண் கரித்தால், அன்று ராத்திரிக்கு மேல்விளிம்பை இன்னும் அரையடி இறக்கிக் கட்ட வேண்டும்.