கிள்ளிவிட்டுத் தொட்டில் ஆட்டும் தம்

தம் அடிப்பதை விட்டு இன்றோடு நாற்பத்து மூன்று நாள். நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பதிலேயே தெரிந்திருக்கும், மனசு இன்னும் முழுசாக விடவில்லை.

பதினொரு வருஷமாக நான் சொன்ன காரணம் ஒன்றுதான், டென்ஷன். மாசக்கடைசியில் கணக்கு முடிக்கிற அன்று பெட்டிக்கடையில் ஒன்றை வாங்கி, அங்கே கயிற்றில் தொங்குகிற லைட்டரில் பற்றவைத்து முதல் இழுப்பு இழுத்ததும் தோள் இரண்டும் தானாகத் தளரும். பத்து இருபது விநாடியில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது, சுகமாக உணரவைக்கிற டோபமைன் சுரக்கிறது, சரி. ஆனால் கூடவே அட்ரினலினும் சுரந்து, நாடி வேகமாகி, ரத்தக்குழாய் சுருங்கி, பிரஷரும் ஏறுகிறது. உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது, நானோ ரிலாக்ஸாக இருப்பதாக நினைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து நிற்கிறேன்!

அப்போ அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது? ரத்தத்தில் ஏறிய நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அது குறையக் குறைய சிடுசிடுப்பு வரும், வேலையில் மனசு நிற்காது, அடுத்ததைப் பற்றவைத்தால் அடங்கும். அந்தச் சிடுசிடுப்பைக் கொண்டுவந்ததே முந்தைய சிகரெட்தான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற வேலை. காலையில் எழுந்ததும் அடிக்கிற தம் ஏன் அவ்வளவு ருசி என்றால், ராத்திரி முழுக்க மூளை பட்டினி கிடந்திருக்கிறது.

விட்ட மூன்றாம் நாள்தான் மோசம். டிபன் பாக்ஸ் மூடி கிடைக்கவில்லை என்று வீட்டில் கத்தினேன், மகள் பேசாமல் என் கையைக் காட்டினாள், மூடி அதில்தான் இருந்தது. இரண்டு மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கி, பபிள்கம் மாதிரி மென்று தள்ளி விக்கல் வந்ததுதான் மிச்சம். மெதுவாக மென்று, நாக்கில் சுரீரென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டுமாம்.

யாரும் எனக்குச் சொல்லாதது டீ விஷயம். ஒரு வாரத்தில் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் சுத்தமாக இல்லை. எல்லாம் சிகரெட்டை விட்டதால்தான் என்று நினைத்து டாக்டரிடம் போனால், அவர் கேட்ட முதல் கேள்வி “தினம் எத்தனை டீ?” ஆறு. சிகரெட் புகையில் இருக்கிற சில பொருட்கள் (இது நிக்கோட்டின் பண்ணுகிற வேலை இல்லை) டீயில் இருக்கிற காஃபினை உடைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிட்டுக்கொண்டே இருக்கும், புகை நின்றதும் அந்த வேகம் போய்விடும், அதே ஆறு டீ உடம்பில் பத்துப் பன்னிரண்டு டீ மாதிரி நிற்கும். மூன்றாகக் குறைத்தேன், நடுக்கம் நின்றது.

நேற்று அதே பெட்டிக்கடைக்குப் போனேன். அண்ணன் பழக்கதோஷத்தில் ஒன்றை உருவி நீட்டினார். “வேணாம்ணே, விட்டாச்சு.”

“அப்ப கடலை மிட்டாயா?”

பசியை அமுக்கி வைத்திருந்ததும் நிக்கோட்டின்தான், விட்டதிலிருந்து மூன்று கிலோ ஏறியிருக்கிறேன். இரண்டு வாங்கிக்கொண்டேன்.