உகந்தையில் கடை போடப் போகிறவர்களுக்கு

ஆனி, ஆடியில் பொத்துவில் பக்கம் கூலிவேலை குறைவு. சிறுபோகம் விதைத்தாயிற்று, அறுவெட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் பொத்துவிலுக்குத் தெற்கே கடலோரக் காட்டில் இருக்கும் உகந்தை முருகன் கோயில் திருவிழா வருகிறது. அதை நம்பிச் சரக்கெடுக்கும் குடும்பங்கள் பல.

உகந்தைக்கு இரண்டு தரம் சனம் வரும். இரண்டும் ஒரே சனம் அல்ல. காட்டுப்பாதை திறந்ததும் வருவோர் கூமுனை, வியாழை வழியே கதிர்காமத்துக்கு நாட்கணக்கில் நடக்கப் போகிறவர்கள். பாரமான எதையும் தொடமாட்டார்கள். அவல், சீனி, பேரீச்சம்பழம், தேசிக்காய், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சத்துத் தூள்), நைலோன் கயிறு, மூடி இறுகிய தண்ணீர்க் கான், இவைதான் போகும். வளையல், விளையாட்டுச் சாமான், அல்வா, கச்சான் (நிலக்கடலை) எல்லாம் திருவிழாக் கடைசி நாள் தீர்த்தத்துக்கு வாகனத்தில் வரும் குடும்பங்களுக்கு. முதல் கிழமையே அவற்றைப் பரப்பினால் வெயிலும் மணலும்தான் மிச்சம்.

சோற்றுக்கடை வேண்டாம் என்றே சொல்வோம். அன்னதானம் நடக்கிற இடத்தில் காசு கொடுத்துச் சோறு தின்ன யார் வருவார்? பிளேன்ரீயும் வடையும் விடியற்காலை இடியப்பமும் விற்கும். ஆனால் தண்ணீர்க் கணக்குப் பிழைக்கக்கூடாது. நூறு பிளேன்ரீக்கு 15 லீற்றர் போதும்; குவளை கழுவ அதைவிடக் கூடப் போகும். குடிக்கிற தண்ணீரையும் கழுவுகிற தண்ணீரையும் வேறு வேறு பீப்பாயில் வையுங்கள். வயிற்றோட்டத்தோடு ஒருவர் காட்டுக்குள் போனால் அவருக்கு அங்கே ஆஸ்பத்திரி இல்லை.

கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அடுப்புக்கு அந்தப் பக்கம் தகரம் நிறுத்துங்கள். மணலில் அடித்த கட்டையைக் காற்று ஒரே இரவில் பிடுங்கிவிடும். உரப்பையில் மணல் நிரப்பி, கூரைப் படங்கின் கயிற்றை அதில் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்தால் நிற்கும். வாழைக்குலையையும் உப்பையும் இரவில் கடையில் விடாதீர்கள், மணம் பிடித்து யானை வரும். பழத்தோலைக் கடைக்குப் பின்னால் கொட்டுவதும் அதே ஆபத்துத்தான்.

பாதை திறக்கும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதிகாரிகள் கூட்டம் கூடித்தான் தீர்மானிப்பார்கள். அறிவிப்புப் பிந்துவதால் நட்டப்படுவது சிறு வியாபாரிதான். நேரகாலத்தோடு சொல்லவேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. அதுவரை காய்ந்த சரக்கு மட்டும் எடுங்கள். எருமைத்தயிருக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம். ஐஸ் இல்லாத இடத்தில் அந்த வெக்கைக்குச் சட்டித்தயிர் இரண்டாம் நாளே புளித்துவிடும். அன்றன்று விற்கிற அளவை அன்றன்று இறக்குங்கள்.