ஆளுக்கொரு பக்கம் பார்த்த முன்சக்கரங்கள்

போன மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கொல்லைப்பக்கத்து மேப்பிள் மரத்தைச் சுற்றி, உட்கார்ந்து ஓட்டும் மோவரில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். தரைக்கு மேலே புடைத்து நின்ற ஒரு வேரில் வண்டியின் வலது முன்சக்கரம் நேராகப் போய் மோதியது. ஸ்டியரிங் கையில் வெடுக்கென்று ஒரு திருகு. வண்டி நிற்கவில்லை, உடைந்த சத்தமும் இல்லை, அதனால் மிச்சத்தையும் வெட்டி முடித்து ஷெட்டில் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் வெளியே எடுத்து முன்னால் நின்று பார்த்தால் இடது சக்கரம் நேராக இருக்கிறது, வலது சக்கரம் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

நாங்கள் இருப்பது ஓஹையோவில், கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே. முக்கால் ஏக்கர் இடம், நம் ஊர்க் கணக்கில் 75 சென்ட், அதில் வீடும் கார் நிறுத்தும் இடமும் போக மிச்சமெல்லாம் புல்தான். ஏப்ரலில் ஆரம்பித்தால் அக்டோபர் வரை வாரம் ஒருமுறை வெட்டியாக வேண்டும், மே, ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் ஐந்து நாளைக்கு ஒருமுறை. கையால் தள்ளும் மோவரில் இரண்டரை மணி நேரம் ஆகும் வேலை, உட்கார்ந்து ஓட்டும் மோவரில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். என் வண்டி பழையதாக வாங்கியது, 42 அங்குல டெக் (அடியில் பிளேடுகள் சுழலும் கூடு), வயது 12. இந்த வண்டி படுத்தால் என் கோடைக்காலச் சனிக்கிழமைகள் எல்லாம் படுத்துவிடும், அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் அப்படியேதான் ஓட்டினேன். அது தப்பு. திரும்பும் இடத்திலெல்லாம் வலது சக்கரம் உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டு, புல்லை வேரோடு சீவிக்கொண்டே போனது. சாலைப் பக்கம் இறங்கும் சரிவில் வண்டி தானாக ஒரு பக்கம் இழுத்தது, ஸ்டியரிங்கைக் கால்வாசி திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போகும். வலது டயரின் உள்விளிம்புக் கோடுகள் இரண்டே வாரத்தில் மழுங்கியிருந்தன. டயரில் காற்று குறைவோ என்று பார்த்தேன். 14 பிஎஸ்ஐ இருக்க வேண்டியது ஒன்றில் 6தான் இருந்தது. அடித்துச் சரிசெய்தேன். இழுப்பு கொஞ்சம் குறைந்தது, சக்கரம் மட்டும் அப்படியே வெளியே பார்த்தது. (காற்றை முதலில் சமப்படுத்துவது நல்லதுதான். ஒரு பக்கம் குறைந்திருந்தால் டெக்கும் சாய்ந்து, புல்லும் மேடும் பள்ளமுமாகத்தான் வெட்டும்.)

மூன்றாவது வாரம் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, சாவியையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தேன். இந்த வண்டிகளின் முன்பக்கம் சிக்கலே இல்லாதது. குறுக்கே ஒரு அச்சு, அது நடுவில் ஒரே ஒரு போல்ட்டில் தராசு போல ஆடும். இரண்டு முனையிலும் செங்குத்தாக ஒரு துளை, துளைக்குள் புஷ் என்ற குழாய்த்துண்டு, புஷ்ஷுக்குள் ஸ்பிண்டில் என்ற திரும்பும் கம்பி. ஸ்பிண்டிலின் கீழ்க்கம்பியில் சக்கரம். ஒவ்வொரு ஸ்பிண்டிலிலும் ஒரு கை நீண்டிருக்கும், இரண்டு கைகளையும் இணைப்பது டை ராடு. ஸ்டியரிங்கின் அடியில் உள்ள பல்சக்கரத்திலிருந்து இன்னொரு கம்பி வந்து இடது ஸ்பிண்டிலைத் தள்ளும், இழுக்கும். அவ்வளவுதான்.

என் வண்டியில் டை ராடு அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. அது நடுவில் இரண்டு அங்குலத்துக்கு வில் மாதிரி வளைந்திருந்தது. பார்த்ததும் நடந்தது முழுவதும் புரிந்தது. வலது சக்கரத்தை வேர் பின்னோக்கித் தள்ளியிருக்கிறது. சக்கரம் ஸ்பிண்டிலுக்கு வெளியே இருப்பதால் அந்தத் தள்ளலில் அதன் முன்பக்கம் வெளியே திரும்பும், பின்னால் இருக்கும் கை உள்ளே வரும். இடது பக்கத்தை ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆகவே நடுவில் மாட்டிய ராடுதான் நசுங்கி வளைய வேண்டும். வளைந்த ராடு நீளத்தில் குட்டை. பின்னால் இருக்கும் ராடு குட்டையானால் சக்கரங்களின் முன்பக்கம் விரியும். உங்கள் வண்டியில் ராடு அச்சுக்கு முன்னால் இருந்தால் இதே விஷயம் தலைகீழாக நடக்கும், சக்கரங்கள் ஒன்றையொன்று பார்க்கும். எது முன்னால் எது பின்னால் என்று பார்க்காமல் ராடைத் திருகினால் கோளாறு கூடத்தான் செய்யும்.

எத்தனை கோணல் என்று அளக்க வேண்டும் அல்லவா, அங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. இரண்டு டயருக்கும் நடுவே, சக்கர மையத்தின் உயரத்தில், முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு எடுக்கச் சொல்கிறார்கள். முன்பக்கம் சரி. பின்பக்கம் டேப்பை நேராக நீட்ட விடாமல் சட்டமும் டெக்கும் குறுக்கே நிற்கும். நான் தூக்குக்குண்டு எடுத்தேன். கொத்தனார் சுவருக்கு மட்டம் பார்ப்பாரே, அதேதான். நூலில் ஒரு கனமான நட்டைக் கட்டினாலும் போதும். சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு டயரிலும் நடுக்கோட்டில், மையத்தின் உயரத்தில் முன்பக்கம் சாக்பீஸால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் தரையில் ஒரு குறி. அப்புறம் வண்டியை மெல்ல முன்னால் தள்ளி அதே புள்ளிகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி குண்டு, மறுபடி குறி. வண்டியை நகர்த்திவிட்டால் தரையில் நான்கு குறிகள் இருக்கும், நிதானமாக அளந்துகொள்ளலாம். ஒரே புள்ளியை இரண்டு முறையும் பயன்படுத்துவதால் டயர் கோணல்மாணலாக இருந்தாலும் அளவு கெடாது. ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியாக (கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது) இருந்தால் பின்னால் உள்ள பைபாஸ் கம்பியை இழுத்து வைத்த பிறகுதான் தள்ள முடியும்.

முன்பக்கம் 32¼ அங்குலம், பின்பக்கம் 30¾. ஒன்றரை அங்குலம் விரிந்திருந்தது. இருக்க வேண்டியதோ பின்பக்கத்தைவிட முன்பக்கம் அரைக்கால் அங்குலம் (⅛) குறைவாக. முன்னால் ஓடும்போது தரை இரண்டு சக்கரங்களையும் வெளியே தள்ளும், அந்தத் தள்ளலில் மூட்டுகளில் உள்ள சின்னச்சின்ன இடைவெளி எல்லாம் ஒரு பக்கம் சேரும், அரைக்கால் உள்ளே வைத்தால் ஓட்டத்தில் நேராகிவிடும்.

ராடைக் கழற்றி, வைஸில் பிடித்து, நீளமான பைப்பைச் செருகி நிமிர்த்தினேன். சமையலறை கிரானைட் மேடையில் உருட்டிப் பார்த்தால் எங்கே இன்னும் வளைவு இருக்கிறது என்று தெரிந்துவிடும், நேரான கம்பி சத்தமில்லாமல் உருளும், வளைந்தது தட்டித்தட்டி ஓடும். மாட்டி, அரைக்கால் உள்ளே வருமாறு வைத்து, ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டினேன். நன்றாக இருந்தது. முடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி விரிந்து நிற்கிறது. அளந்தேன், முக்கால் அங்குலம். ராடு நேராகத்தான் இருந்தது. எனக்கு நிஜமாகவே மனசு விட்டுப்போயிற்று.

கோபிசெட்டிபாளையத்தில் என் மச்சான் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறார். இங்கே காலை ஒன்பது என்றால் அங்கே மாலை ஆறரை, பட்டறை மூடும் நேரம். வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்டினேன். ராடைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மாப்ள, முன்பக்கத்தை ஜாக்கில தூக்கிட்டு டயரை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க" என்றார். ஆட்டினேன். லொடக் லொடக் என்றது. "இப்ப முன்னையும் பின்னையும் புடிச்சு ஆட்டுங்க." அதிலும் ஆட்டம். போனை ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டார். "புஷ் முட்டை ஆயிப்போச்சுங்க. ஆட்டத்தை எடுக்காம எத்தனை தடவை அலைன்மென்ட் வெச்சாலும் நிக்காது. நீங்க அளந்தது சக்கரத்தை இல்ல, ஆட்டத்தைத்தான்."

உண்மைதான். வண்டி நிற்கும்போது டயர் இரண்டையும் கையால் உள்ளே அழுத்தி ஒரு முறை, வெளியே இழுத்து ஒரு முறை அளந்து பார்த்தேன். முக்கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். இவ்வளவு ஆட்டத்தை வைத்துக்கொண்டு அரைக்கால் அங்குலம் பார்த்து வைத்து என்ன பயன்?

சீட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணை வைத்து ஸ்பிண்டில் புஷ் நான்கு, சக்கரத்துக்குள் போகும் புஷ் நான்கு, புது டை ராடு, இரண்டு பக்கத்துக்கும் வாஷர், கிளிப் எல்லாம் வரவழைத்தேன். ஒருமுறை வளைந்த கம்பி அடுத்த முறை இன்னும் சுலபமாக வளையும், அதனால் ராடையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு வைத்தேன். வெறும் ஜாக்கியை நம்பிக் கை விடாதீர்கள். சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் உள்ளே ஈ வடிவத்தில் ஒரு கிளிப், ஸ்குரூடிரைவரால் நெம்பினால் துள்ளிப் பறக்கும், மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு நெம்ப வேண்டும். எந்த வாஷர் எந்த வரிசையில் இருந்தது என்று ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுத்துக்கொண்டேன். இடது ஸ்பிண்டில் கையோடு இறங்கிவிட்டது. வலது பக்கம் துருப்பிடித்து அசையவே இல்லை. துரு இளக்கும் எண்ணெயை ராத்திரி அடித்து விட்டு, காலையில் மறுபடி அடித்து, மேலிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினேன்.

இறங்கியதும் கதை தெரிந்தது. அச்சு முனையில் கிரீஸை உள்ளே அடிக்கும் நிப்பிள் ஒன்று இருக்கிறது, அதன் மேல் காய்ந்த புல்லும் மண்ணும் அடை மாதிரி ஒட்டி, நிப்பிள் இருப்பதே தெரியாமல் மூடியிருந்தது. மேனுவலில் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் என்று போட்டிருக்கிறது. அந்தத் துளைக்குள் பல வருடமாகக் கிரீஸ் போகவில்லை. பழைய புஷ்ஷை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வட்டமே இல்லை, ஒரு பக்கம் காகிதம் மாதிரி மெலிந்து விளிம்பு பிய்ந்திருந்தது. ஸ்பிண்டில் கம்பி நல்லவேளையாகத் தேயவில்லை. விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தால் எங்கேயும் படி தட்டவில்லை. தட்டியிருந்தால் அதையும் மாற்ற வேண்டி வந்திருக்கும்.

புது புஷ்ஷைச் சுத்தியால் அடித்து ஏற்ற வேண்டாம், விளிம்பு உடையும். நீளமான போல்ட், இரண்டு பக்கமும் பெரிய வாஷர், நட்டை முறுக்க முறுக்க அது நேராக உள்ளே இறங்கும். எல்லாம் மாட்டி, கீழ்விளிம்பில் புதுக் கிரீஸ் பிதுங்கும்வரை அடித்தேன். அச்சின் நடு போல்ட்டும் கொஞ்சம் லூஸாக இருந்தது, அதை முறுக்கினேன். அச்சு மேலும் கீழும் தாராளமாக ஆட வேண்டும், முன்னும் பின்னும் அசையக் கூடாது.

இப்போது ஆட்டினால் லொடக் இல்லை. அதற்குப் பிறகுதான் அலைன்மென்ட்.

டை ராடின் முனையில் உள்ள பால் ஜாயின்ட் மரையில் ஏறியிருக்கிறது, அங்குலத்துக்கு 24 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். சில கார்களில் ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை, நடுக்கம்பியைத் திருகினாலே போதும். என் வண்டியில் இரண்டும் வலமரை, ஆகவே ஒரு முனையைக் கழற்றித் திருகி மறுபடி மாட்ட வேண்டும். ஸ்பிண்டில் கையின் நீளம் 4 அங்குலம், டயரின் விட்டம் 15. கணக்குப் போட்டால் ராடில் ஒரு மில்லிமீட்டர் மாறினால் டயரில் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் மாறும். ஒரு சுற்று கூடிப்போனாலே அரைக்கால் கால் ஆகிவிடும், அரை அரைச் சுற்றாகப் போங்கள். சில வண்டிகளில் ராடு இரண்டு முனையும் மடக்கிய ஒரே கம்பியாக இருக்கும், திருக மரையே இருக்காது, அதற்குப் புதுக்கம்பி ஒன்றுதான் வழி.

அளக்கும்போது வண்டியின் பாரம் டயரில் இருக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் சக்கரம் வேறு அளவு காட்டும். ஒவ்வொரு முறை திருகிய பிறகும் இறக்கி, ஐந்தாறு அடி முன்னால் தள்ளிவிட்டுத்தான் தூக்குக்குண்டை எடுத்தேன். பின்னால் தள்ளி நிறுத்தினால் சக்கரங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும், அளவு பொய். நான்காவது முறை முன்பக்கம் 31⅜, பின்பக்கம் 31½ வந்தது. மரை தானாகத் திரும்பாமல் பிடிக்கும் செக் நட்டை முறுக்கினேன்.

சக்கரங்கள் நேர், ஸ்டியரிங் மட்டும் பதினொரு மணி காட்டியது. அதற்கு டை ராடைத் தொடக் கூடாது, ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பியைத்தான் நீட்டிக் குறைக்க வேண்டும். ஒன்றரைச் சுற்றில் சரியாயிற்று. இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து, எங்கேயும் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பிளக் வயரை மாட்டினேன்.

அன்று மாலையே வெட்டினேன். சாலைப் பக்கச் சரிவில் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்தாலே வண்டி நேராகப் போயிற்று. மேப்பிள் மரத்தைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்கு மரத்தூள் கொட்டிவிட்டேன், வண்டி இனி அந்தப் பக்கம் போகாது. எட்டு வாரம் கழித்து, ஆகஸ்ட்டில், தூக்குக்குண்டை வைத்து மறுபடி அளந்தேன். அதே அரைக்கால். போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன், "கிரீஸ் அடிச்சீங்களா?" என்று பதில் வந்தது.