திறந்து பார்த்தால்தான் தெரியும்

"திறந்து பார்த்தால்தான் ஆச்சி தெரியும்." பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் நான், கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் பின்தெருக் கார் ஷெட்டில் நின்றபடி சொன்ன இந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். ஆனாலும் மூன்று ஆண்டுகளாக இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

வண்டி 1984-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல். எனக்கு முன்பு பார்க்க வந்தவர், ஹெட் (எஞ்சினின் மேல் பாகம்) போய்விட்டது, எடைக்குத்தான் போகும் என்று சொல்லி 25,000 ரூபாய்க்குக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். அதை ஆச்சி மறைக்கவில்லை. "அஞ்சு மைல் போனா கொதிக்குது தம்பி. ஹெட்டு போயிருச்சுன்னு சொல்றாக. நீங்களும் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் என்ற தகடு போன எஞ்சினில் தண்ணீர் ஆயிலோடு கலந்து, ஆயில் பார்க்கும் கம்பியில் மோர் நிறத்தில் நுரை படிந்திருக்கும். இதில் ஆயில் கறுத்திருந்ததே தவிர நுரை இல்லை. ரேடியேட்டர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால், கேஸ்கெட் போன வண்டியில் சிலிண்டரின் காற்று தண்ணீருக்குள் புகுந்து குமிழிகள் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். ஐந்து நிமிடம் ஓடவிட்டும் ஒரு குமிழி வரவில்லை. கையிலிருந்த மூடியைத் திருப்பினேன். அதன் ரப்பர் வளையம் காய்ந்து அப்பளம்போல் உடைந்திருந்தது. 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி ஒழுங்காக அமர்ந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் 110 டிகிரி வரை கொதிக்காது. மூடி கெட்டுவிட்டால் 100-லேயே கொதித்து வெளியே வந்துவிடும். இன்னும் சற்று ஓடவிட்டபோது ஹெட்டில் கை வைக்க முடியாத சூடு; ஆனால் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்தது. 82 டிகிரி அளவில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விட வேண்டிய தெர்மோஸ்டாட் திறக்கவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. மூடியும் தெர்மோஸ்டாட்டும் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடியும் வேலை.

அப்போதுதான் ஆச்சி, நான் கேட்காமலே, இன்னொன்றையும் சொன்னார். "ரேடியேட்டருக்குப் போர் தண்ணி ஊத்தவே விடமாட்டாக. வளவுல பிடிச்சு வச்ச மழைத்தண்ணிதான். டிரைவர் மறந்தாலும் அவுக மறக்கமாட்டாக." எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரை ஊற்றிய ரேடியேட்டர்களைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமானம் தெரியும். குழாய்களெல்லாம் சுண்ணாம்பு அடைத்து, அந்தக் குழாய்கள் அடங்கிய கோரையே மாற்றித் தீர வேண்டிய நிலையில் இருக்கும். மழைத்தண்ணீரிலேயே ஓடிய வண்டி என்றால் கோரும் சுத்தம், எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழிகளும் சுத்தம். ஆச்சி இறந்துபோன கணவரின் சிரத்தையைச் சொன்னார். நான் அதை வண்டியின் மதிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

பிறகு, "அப்ப ஹெட்டுதானா?" என்று கேட்டார். நான் முதலில் எழுதியிருக்கும் பதிலைச் சொன்னேன். 38,000 ரூபாய்க்கு வண்டி என்னுடையதாயிற்று.

எனக்காக நான் வாதாடக் கூடியது நிறைய இருக்கிறது. மற்றவர் கேட்டதைவிட 13,000 ரூபாய் கூடத்தான் கொடுத்தேன். ஹெட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் அது நன்றாகச் சூடேறிய பிறகுதான் வாய் திறக்கும். சில நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆகவே நான் காட்டிய சந்தேகம் முழுக்க நடிப்பு அல்ல. பத்தில் ஒரு பங்கு அது உண்மையான சந்தேகம்தான். மீதி ஒன்பது பங்கை அந்த ஒன்றின் பின்னால் நிற்க வைத்துவிட்டேன் என்பதுதான் சங்கடம். மேலும், வாங்குகிறவன் குறை சொல்வான், விற்கிறவன் நிறை சொல்வான், நடுவில் விலை படியும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் ஒப்புக்கொண்ட வழக்கம். ஆனால் எதிரே இருப்பவரும் அந்த வழக்கப்படி பேசினால்தானே அது வழக்கம்? ஆச்சி குறையை முதலில் சொன்னார், நிறையைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், "பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். அவர் வியாபாரமே பேசவில்லை.

விற்கும் இடத்தில் என்னைப் பற்றி வேறு பெயர் உண்டு என்பது இதை இன்னும் கடினமாக்குகிறது. ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டி ஓட்டையைத் தற்காலிகமாக அடைப்பது வழியில் மாட்டிக்கொண்ட டிரைவர்கள் செய்யும் வைத்தியம். அந்த நிலையில் என்னிடம் வந்த ஒரு பத்மினி காரை விற்கும்போது, வாங்க வந்தவரை அழைத்து மூடியைத் திறந்து, மஞ்சள் கலந்த தண்ணீரைக் காட்டிவிட்டுத்தான் விலை பேசினேன். அதைக் காரைக்குடியில் பலர் இன்றும் சொல்வார்கள். விற்றால் வாங்கியவர் வண்டியோடு திரும்பி வருவார். விற்றுவிட்ட ஆச்சி எதைக் கொண்டு திரும்பி வருவார்? என் நேர்மை இந்தக் கணக்கில்தான் நின்றிருந்ததா என்று கேட்டுக்கொள்ளும்போது, இல்லை என்று உடனே சொல்ல வரமாட்டேன் என்கிறது.

அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பால் காய்ச்சும் பாத்திரத்தில் வெந்நீரில் போட்டுச் சோதித்தேன். (அந்தப் பாத்திரம் அதற்குப் பிறகு அடுப்பங்கரைக்குத் திரும்பவில்லை.) தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அது அசையவில்லை. ரேடியேட்டரில் இருந்து வடித்த தண்ணீர் ஆச்சி சொன்னபடியே தெளிவாக இருந்தது. இரண்டு பாகங்களையும் மாற்றியதும் திருப்பத்தூர் வரை வெயிலில் போய்த் திரும்பினேன், கொதிக்கவில்லை. டயர், பேட்டரி, பெயிண்ட், பதிவுப் புதுப்பிப்பு என்று மேலும் 24,000 செலவழித்து 1,10,000-க்கு விற்றேன். ஹெட்டைத் திறக்கவே இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஆச்சியே ஆள் அனுப்பினார். பரணில் அந்த வண்டிக்கென்று வாங்கி வைத்திருந்த இன்னொரு ரேடியேட்டர் கிடைத்திருப்பதாகவும், எனக்குத்தான் பயன்படும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர். இப்போது வரும் பிளாஸ்டிக் தொட்டி வைத்தவற்றைப்போல் அல்லாமல் ஒழுகினால் ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொள்ளலாம். 2014-ல் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்ற பிறகு இவற்றைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த முறை சரியான விலையாக 6,000 ரூபாயை நீட்டினேன். எடைக்கு என்ன வருமோ அது போதும் என்று 3,500 மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்.

தந்துவிட்டுக் கேட்டார்: "வண்டி நல்லா ஓடுதா தம்பி? ஹெட்டைத் திறந்தீகளா?"

"திறந்தேன் ஆச்சி."

"செலவு ரொம்ப ஆயிருச்சா?"

"ஆச்சு. பரவாயில்லை."

"நல்லவேளை. எங்களால அதெல்லாம் பாத்துச் செஞ்சிருக்க முடியாது" என்றார். முதல் வாக்கியத்தைப் பற்றி எத்தனை நாள் வேண்டுமானாலும் வாதாடலாம். இந்த இரண்டு பதில்களுக்கும் என்னிடம் ஒரு வாதமும் இல்லை. ஆனால் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் ஆச்சிக்கு அதனால் என்ன கிடைத்திருக்கும் என்பதும் எனக்கு விளங்கவில்லை. ஏமாந்தோம் என்ற எண்ணத்தைத் தவிர வேறெதுவும் இல்லை என்று சில நாள் தோன்றுகிறது. அதைத் தீர்மானிக்க நான் யார் என்று சில நாள்.

ரேடியேட்டரைப் புதுக்கோட்டையிலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். கீழ்த் தொட்டியின் ஓரத்தில் பழைய ஈயப்பற்று ஒன்று இருப்பதை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் விலை சொன்னேன். அதற்காக 200 ரூபாய் குறைத்துக் கேட்டார். குறைத்துக் கொடுத்தேன்.