சுழற்கோப்பைக் குறிப்புகள், காசிமேடு

மே 3, 2025, சனி

போன வருடம் வென்ற ஹாக்கி அணியிடமிருந்து, வருடா வருடம் கைமாறும் கோப்பை வந்து சேர்ந்தது. இறுதிப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பே வாங்கிவிட வேண்டும். கடைசி வாரத்தில் வந்தால் பழுது பார்க்க நேரமிருக்காது. முதல் வேலை, லேசாக ஆட்டிப் பார்ப்பது. கிண்ணம், தண்டு, மரப்பீடம் மூன்றையும் உள்ளே ஓடும் ஒரே திருகுக் கம்பிதான் பிடித்திருக்கிறது. பீடத்தின் அடியிலுள்ள வெல்வெட்டைப் பிரித்தால் நட்டு தெரியும். மழைக்காலத்தில் மரம் ஊறி, வெயிலில் சுருங்கும்போது அது தளர்கிறது. கிண்ணத்தைப் பிடித்துத் திருகக் கூடாது, தண்டின் பற்றவைப்பு விட்டுவிடும். கிண்ணத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பானரால் நட்டை மட்டும் இறுக்க வேண்டும். ஸ்பிரிங் வாஷர் ஒன்று போட்டால் ஒரு சீசன் தாங்கும்.

மே 6, செவ்வாய்

துலக்கும் நாள். நம் வீடுகளில் பித்தளைக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு. கோப்பைக்கு இரண்டும் ஆகாது. இது பித்தளை மேல் மெல்லிய வெள்ளி முலாம். திருநீறு தேய்க்கத் தேய்க்க முலாம் கரைந்து, கைப்பிடி ஓரத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் கடல்காற்று பட்டால் பச்சைக் களிம்பு ஏறும். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு, பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். எழுத்துப் பள்ளங்களுக்கு மென்மையான பிரஷ். உடனே துடைத்து நிழலில் உலர்த்தணும். பீடத்தில் தண்ணீர் படவே கூடாது.

மே 10, சனி

பெயர்த் தகடு, அதாவது வென்ற அணியின் பெயரை வெட்டிப் பீடத்தில் பொருத்தும் தகடு. என்னைக் கேட்டால் கோப்பையின் உயிரே இதுதான். முலாம் போனால் மறுபடி பூசலாம், தகடு தொலைந்தால் அந்த வருடத்துப் பிள்ளைகளே தொலைந்த மாதிரி. பெயரை வாயால் சொல்லிவிட்டு வரக் கூடாது. தாளில் எழுதி, அணித் தலைவரின் கையெழுத்து வாங்கி, எழுத்து வெட்டும் பெரியமேட்டுக் கடையில் மாதிரி அச்சு பார்த்த பிறகே வெட்டச் சொல்ல வேண்டும். ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றும் அங்கேதான் இடம் மாறும். ஒட்டுப்பசை பீடத்தின் வார்னிஷோடு உரிந்து வரும். நான்கு மூலையிலும் சின்னப் பித்தளை ஆணி அடிப்பதே சரி.

மே 14, புதன்

பதக்கக் கணக்கு: அணிக்கு 18 ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், மேலாளர், ஆக 20. மூன்று இடங்களுக்கு 60. ஒவ்வொன்றிலும் 2 உபரி, மொத்தம் 66. கோல்கீப்பர் விருது தனியாக இருக்கட்டும், சிறந்த ஆட்டக்காரர் விருது எப்போதும் கோல் போட்டவருக்கே போய்விடுகிறது.

மே 17, சனி

சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு உடைந்த மட்டையின் வளைவுப் பகுதியைத் தேக்குப் பலகையில் பொருத்தித் தருவது வழக்கம். முசுக்கொட்டை மர மட்டை என்றால் ரம்பத்தால் தாராளமாக அறுக்கலாம். கார்பன், ஃபைபர் மட்டை என்றால் முகக்கவசம், கையுறை கட்டாயம். அந்தத் தூள் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகவும் கூடாது. ஈரத்துணி போட்டு அறுத்தால் தூள் அடங்கும்.

மே 25, ஞாயிறு

இறுதி. தலைவர்கள் இருவரும் நடுக்கோட்டில் பழைய பாணியில் மூன்று முறை மட்டை தட்டும் ‘புல்லி’யோடு தொடக்கம். 1981 வரை ஆட்டங்கள் புல்லியில்தான் தொடங்கின. இப்போது இடையில் நின்ற ஆட்டத்தை மறுபடி தொடங்க மட்டும், அதுவும் ஒரே தட்டு. அதனால் சடங்கு முடிந்ததும் நடுவர் விசிலடித்து, ஆட்டக்காரர் ஒருவர் மைதானத்தின் நடுவிலிருந்து பந்தைத் தள்ளும் சென்டர் பாஸோடு ஆட்டத்தை முறைப்படி தொடங்க வேண்டும். சமனானால் ஷூட்அவுட், அதாவது கோல்கீப்பரை மட்டும் தாண்டிக் கோல் போடும் முயற்சி: அணிக்கு ஐந்து பேர், 23 மீட்டர் கோட்டிலிருந்து, ஆளுக்கு 8 விநாடி. முன்பெல்லாம் கூட்டு வெற்றி அறிவித்து ஆளுக்கு ஆறு மாதம் கோப்பையை வைத்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே நல்லது என்று இன்னமும் நினைக்கிறேன்.

தூக்கும்போது ஒரு கை பீடத்தின் அடியில், ஒரு கை தண்டில். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் பற்றவைப்பு விடும். கோப்பையில் குளிர்பானம் ஊற்றக் கூடாது. புளிப்பு பட்டால் பித்தளை கெடும் என்றுதானே நம் பாட்டிமார் ஈயம் பூசினார்கள்! தாள் சுற்றிய ஆரஞ்சு மிட்டாய் நிரப்பலாம். தோற்ற அணி முதலில் எடுக்க வேண்டும்.

ஜூன் 1, ஞாயிறு

வென்ற அணியிடம் ஒப்படைப்பு. நான்கு பக்கமும் படம், தகடுகளின் எண்ணிக்கை, பெற்றோர் ஒருவர் கையெழுத்து. கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு வைத்துக் கொடுத்தோம். ரப்பர் பேண்டு வேண்டாம். அதிலுள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போட்டுவிடும். பருத்தி நாடாவால் கட்டணும்.