ஒரு தம்ளர் டியூட்டீரியக் குளுக்கோஸ்

முந்தைய இரவுக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குடித்த சர்க்கரையை மூளை என்ன செய்கிறது என்று எம்.ஆர்.ஐ.யில் பார்க்கும் ஆராய்ச்சிக்குத் தன்னார்வலராகப் போன எனக்கு இதில் பெரிய கஷ்டமே காலைக் காபி இல்லாததுதான். உடலில் உலோகம் இல்லை, நீரிழிவு இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். விரலில் குத்தி இரத்தச் சர்க்கரை பார்த்த பிறகு தம்ளரை நீட்டினார்கள். கிலோவுக்கு 0.75 கிராம், அதிகபட்சம் 60 கிராம் குளுக்கோஸ். எண்பது கிலோவைத் தாண்டிய எனக்கு முழு அறுபதும் கிடைத்தது.

குளுக்கோஸின் ஆறாவது கார்பனில் உள்ள இரண்டு ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தை வைத்திருக்கிறார்கள். கதிரியக்கம் கிடையாது. சுவையும் சாதாரணக் குளுக்கோஸ் தண்ணீர்தான். எலுமிச்சை பிழிந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

குளுக்கோஸ் மூளையில் போதிய அளவு சேர ஒரு மணி நேரமாவது வேண்டும். உடல் சர்க்கரையை எங்கே இழுக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் இருக்கும்போது இது எதற்கு என்று காத்திருந்த நேரத்தில் கேட்டேன். பெட் ஸ்கேனில் செலுத்தும் கதிரியக்கச் சர்க்கரை செல்லுக்குள் நுழைந்து முதல் படியிலேயே மாட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு சர்க்கரை என்ன ஆகிறது என்பது தெரியாது. ஆரோக்கியமான மூளையே சர்க்கரையை ஏராளமாக இழுப்பதால் அங்கே கட்டி தனித்துத் தெரிவதும் கடினம் என்றார்கள்.

பிறகு எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் படுத்தேன். தலையைச் சுற்றி, சமிக்ஞையைப் பிடிக்கும் ஆன்டெனா போல, டியூட்டீரியத்துக்கென்றே செய்த சுருள். 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் ஹைட்ரஜன் சுமார் 128 மெகாஹெர்ட்ஸில் பேசும். டியூட்டீரியமோ 20க்கும் சற்றுக் கீழே. சாதாரணச் சுருளின் காதில் அது விழாது.

படத்தைப் பார்த்து முதலில் ஏமாந்தேன். சுமார் இரண்டு சென்டிமீட்டர் கட்டங்கள், அவ்வளவே. ஆனால் ஒரு கட்டத்தைச் சொடுக்கியதும் திரையில் நிறமாலை விரிந்தது: டியூட்டீரியம் எந்தெந்தப் பொருளில் எவ்வளவு இருக்கிறது என்று மேடுகளாகக் காட்டும் கோடு. இடது ஓரத்தில் தண்ணீர். உடலில் இயல்பாகவே கொஞ்சம் டியூட்டீரியம் இருப்பதால் அதுவே அளவுகோல். அடுத்து நான் குடித்த குளுக்கோஸ். அதற்கடுத்து, அதே குளுக்கோஸ் எரிந்து மூளையில் உருவான குளுட்டமேட், குளுட்டமின் என்ற இரு வேதிப்பொருள்களும் சேர்ந்த ஒரு மேடு. வலது ஓரத்தில், சர்க்கரை முழுதாக எரியாதபோது உருவாகும் லாக்டேட் வரவேண்டிய இடம் ஏறக்குறையத் தட்டை. கொடிய மூளைக்கட்டியில் இது தலைகீழாகும்: லாக்டேட் உயரும், குளுட்டமேட் மேடு தாழும். யேல் பல்கலைக்கழகக் குழு 2018இல் மனிதரிடம் காட்டியதும் இதைத்தான்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: இது நோயறியும் ஸ்கேன் அல்ல, மருத்துவரிடம் காட்ட அறிக்கை எதுவும் கையில் வராது.